மரப்படகுகளுக்குக் கண்ணாடி இழைத் தளம்

கடலில் ஓடும் மரப்படகு நீருக்கடியில் உள்ள பகுதியிலிருந்துதான் அழியத் தொடங்குகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. துளைப்புழுக்கள் பலகையைக் குடைவதும், பாசியும் சிப்பியும் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்வதும் கண்ணுக்குத் தெரியும் கேடுகள். எனவே படகைக் கரையேற்றியதும் அடிப்பாகத்தைச் சுரண்டிச் செப்பனிட்டு வண்ணம் பூசுவதே முதல் வேலையாக அமைகிறது. ஆனால், அடிப்பாகம் நன்கு பேணப்பட்ட படகுகள் பலவற்றில் அழிவு மேலிருந்து வருகிறது. கடல்நீர் செய்யாத கேட்டை மழைநீர் செய்துவிடுகிறது. அந்த மழைநீர் உள்ளே புகும் வாயில் படகின் மேல்தளமே ஆகும்.

பழுதடைந்த மரத்தளத்திற்கு மாற்றாகக் கண்ணாடி இழைத் தளம் அமைக்கும் முறை இன்று நமது கடற்கரையெங்கும் பரவியுள்ளது. முறையாகச் செய்தால் இது ஒரு பழைய படகிற்குப் புதுவாழ்வு தரும். முறையின்றிச் செய்தால் நோயை மூடி மறைத்து அதனை வளர்க்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து தோன்றுகிறது என்பதைப் படகுக் கட்டுமானம் பயிலும் மாணவர்களும், மீன்வளத் துறையிலும் வங்கிகளிலும் பணிபுரியும் அலுவலர்களும் அறிந்திருப்பது நலம்.

மரப்படகுகளும் நமது மீன்பிடித் தொழிலும்

இந்தியாவில் விசைப்படகு மீன்பிடிப்பின் தொடக்கத்தில் இந்தோ-நார்வே திட்டத்திற்கு முக்கிய இடம் உண்டு. 1952ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1953இல் கேரளக் கடற்கரையில் கொல்லத்திற்கு அருகேயுள்ள நீண்டகரைப் பகுதியில் பணிகள் தொடங்கின. அதன்பின் கேரளத்திலும் பிற கடலோர மாநிலங்களிலும் பல்லாயிரம் விசைப்படகுகள் மரத்தால் கட்டப்பட்டன. கச்சு வளைகுடாவின் மாண்டவியிலும், கேரளத்தின் பேப்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மரக்கலத் தச்சுக்கலை நமது நாட்டில் இருந்ததால், புதிய வடிவப் படகுகளைக் கட்டுவதற்குத் தேவையான கைத்திறன் எளிதில் கிடைத்தது. தேக்கும் அயினியும் சாலும் கருவேலும் அந்தந்தப் பகுதியின் வளத்திற்கேற்பப் பலகைகளாகவும் வங்குகளாகவும் பயன்பட்டன.

காலப்போக்கில் நல்ல மரம் அரிதாயிற்று. அதன் விலையும் ஏறியது. இந்நிலையில் மரத்தின் ஆயுளை நீட்டிக்கும் வழிகள் ஆராயப்பட்டன. கொச்சியில் 1957இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் செய்துள்ள பணி குறிப்பிடத்தக்கது. படகின் அடிப்பாகத்திற்கு விலை மிகுந்த செப்புத் தகட்டிற்குப் பதிலாக அலுமினியக் கலவைத் தகடு, எளிதில் கெடக்கூடிய ரப்பர் மரத்தை மருந்திட்டுப் பதப்படுத்திக் கண்ணாடி இழைப் போர்வையிட்ட சிறுபடகு ஆகியவை அதன் ஆய்வுகளில் அடங்கும். மரமும் கண்ணாடி இழையும் இணைந்து பணியாற்ற முடியும் என்பதற்கு இவை சான்றாகும்.

இன்று புதிய படகுகள் பெரும்பாலும் எஃகாலும் கண்ணாடி இழையாலும் கட்டப்படுகின்றன. எனினும் பல துறைமுகங்களில் மரப்படகுகள் தொழிலில் உள்ளன. இவற்றின் உரிமையாளருக்குப் புதிய படகு வாங்குவது எட்டாத செலவு. ஏராவும் வங்குகளும் உறுதியாக இருக்கும் படகில் தளத்தை மட்டும் புதுப்பிக்க முடிந்தால் பெரும் முதலீடு காப்பாற்றப்படும்.

தளம் ஏன் முதலில் கெடுகிறது?

மரம் மக்குவதற்குக் காரணம் பூஞ்சணம். அது வளர உணவு, வெப்பம், காற்று, ஈரம் ஆகிய நான்கும் வேண்டும். உணவு மரமே. நமது கடற்கரையில் வெப்பத்திற்குக் குறைவில்லை. எஞ்சிய இரண்டில்தான் மரத்தின் விதி அடங்கியுள்ளது. மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும்வரை பூஞ்சணத்தால் வளர இயலாது. ஈரம் 30 பங்கை ஒட்டி உயரும்போது அது செழித்து வளர்கிறது. முற்றிலும் நீரில் மூழ்கிய மரத்தில் காற்று இல்லாததால் அது மீண்டும் ஒடுங்குகிறது. கடல்நீரின் உப்பும் அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது.

இதனால்தான் நீர்மட்டத்திற்குக் கீழுள்ள பலகை புழுவுக்கு இரையானாலும் பூஞ்சணத்திற்கு அவ்வளவாக இரையாவதில்லை. மேல்தளத்தின் நிலையோ நேர்மாறானது. வெயிலில் பலகைகள் சுருங்கி இடைவெளிகள் விரிகின்றன. அவற்றில் அடைத்த கலப்பற்று பிளந்து நிற்கிறது. முதல் மழையில் நன்னீர் அதன் வழியே இறங்கி உத்திரங்களின் முனைகளிலும், ஆணித் துளைகளிலும், சுக்கான் அறையின் அடிக்கட்டைகளிலும் தேங்குகிறது. அங்கே காற்றும் உண்டு, ஈரமும் உண்டு, உப்பு மட்டும் இல்லை. பூஞ்சணத்திற்கு இதைவிட உகந்த இடம் வேறில்லை.

மழையைத் தவிர மற்றொரு நன்னீரும் உண்டு. அது மீன் அறையில் கொட்டப்படும் பனிக்கட்டியின் உருகுநீர். மேலே வெயிலில் காய்ந்த தளம், கீழே குளிர்ந்த மீன் அறை. இவ்விரண்டுக்கும் இடையே தளத்தின் அடிப்பக்கத்தில் நீராவி படிந்து துளிர்க்கிறது. மீன் அறைக்கு மேலுள்ள உத்திரங்கள் பிற இடங்களைவிட விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம்.

தளம் கெட்டால் விளையும் தீங்கு ஒரு பலகையோடு நிற்பதில்லை. வலையை இழுக்கும் விஞ்ச் பொறியின் முழு இழுவையும் தளத்தின் வழியாகவே படகின் உடலுக்குச் செல்கிறது. கொந்தளிப்பில் மேலேறும் அலைநீரை உள்ளே விடாமல் காப்பதும் தளமே. உட்கூட்டில் புகுந்த நீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, அதன் நிமிரும் ஆற்றலைக் குறைத்துவிடும். ஆகவே தளத்தின் உறுதி தொழிலாளர்களின் உயிரோடு தொடர்புடைய செய்தியாகும்.

கண்ணாடி இழை என்பது என்ன?

உருக்கிய கண்ணாடியை மிக நுண்ணிய துளைகளின் வழியே இழுத்தால் பட்டினும் மெல்லிய இழை கிடைக்கிறது. இவ்விழைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒழுங்கின்றிப் பரப்பி, ஒட்டி எடுத்தால் அது பாய். தொழிற்கூடங்களில் இதனை 'மேட்' என்பர். இழைக் கற்றைகளைத் துணிபோல நெய்து எடுத்தால் அது நெய்த இழை. இவை தாமாக விறைத்து நிற்பதில்லை. இவற்றைத் திரவப் பிசினில் நனைத்து இறுகவிட்டால்தான் கெட்டியான தகடு உருவாகிறது. காங்கிரீட்டில் கம்பி இழுவிசையைத் தாங்க, சிமெண்டுக் கலவை அதனைப் பிடித்து நிறுத்துவதுபோல, இங்கு இழை வலிமையையும் பிசின் வடிவத்தையும் தருகின்றன.

பிசின் வண்ணப்பூச்சைப்போல உலர்வதில்லை, வேதிவினையால் இறுகுகிறது. படகுத் தொழிலில் பெரிதும் பயன்படுவது பாலியெஸ்டர் பிசின். இதனுடன் கோபால்ட் சேர்ந்த முடுக்கியும், மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்ற வினையூக்கியும் சேரும்போது வினை தொடங்கிச் சூடு பிறக்கிறது. மற்றொரு வகையான எபாக்சி பிசின் விலை மிகுந்தது. ஆனால் மரத்தில் ஒட்டும் ஆற்றலில் பாலியெஸ்டரை விஞ்சியது. இறுகும்போது சுருங்குவதும் குறைவு. செலவைக் கருதிப் பலர் பாலியெஸ்டரையே நாடுகின்றனர். அவ்வாறு நாடுவோர் மரத்தின் ஈரத்திலும் மேற்பரப்பின் தூய்மையிலும் இருமடங்கு கவனம் செலுத்த வேண்டும்.

இரண்டு பிசின்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது தவறு. சாதாரண நறுக்கிழைப் பாயை ஒட்டவைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் அது கரையாமல் பாய் விறைத்து நிற்கும். எனவே எபாக்சிக்கு நெய்த இழையே பொருந்தும். இறுகிய பாலியெஸ்டரைத் தேய்த்து அதன்மேல் எபாக்சியைப் பூசலாம். எபாக்சியின்மேல் பாலியெஸ்டரைப் பூசுவது நம்பத்தக்கதன்று.

திறந்து பார்த்தலே முதற்பணி

தளம் அமைக்கும் பணி பிசின் வாங்குவதில் தொடங்குவதில்லை. தளத்தைத் திறந்து பார்ப்பதில் தொடங்குகிறது. விஞ்ச், கயிறு கட்டும் முளைகள், மீன் அறை மூடிகள் முதலியவற்றை முதலில் கழற்ற வேண்டும். பின்னர் சுத்தியலால் தளமெங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயம் எழும் இடத்தில் கூரிய ஊசியால் குத்தினால், தடையின்றி இறங்கும் ஊசி உண்மையைச் சொல்லிவிடும். உத்திரங்களின் முனைகள், அவை பக்கப் பலகையோடு சேரும் இடங்கள், மீன் அறை வாயின் நான்கு மூலைகள் ஆகியவற்றைத் தனித்தனியே பார்ப்பது இன்றியமையாதது.

மக்கிய பகுதியை வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிறுத்தலாகாது. பூஞ்சணத்தின் இழைகள் நிறம் மாறாத மரத்திற்குள்ளும் நீண்டிருக்கும். எனவே நல்ல மரத்திலும் சிறிது தூரம் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். கெட்ட உத்திரத்தைப் புதிதாக மாற்றலாம். முனை மட்டும் கெட்டிருந்தால் இருபுறமும் துணைக்கட்டை வைத்து மரை ஆணியால் இறுக்கலாம். புதிய மரத்தின் வெட்டு முனைகளுக்கு மருந்திடுவது நல்லது. ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள மருந்துகள் பிசின் ஒட்டுவதைத் தடுக்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட வேண்டும். ஏராவும் வங்குகளில் பெரும்பாலானவையும் கெட்டிருந்தால், புதிய தளம் அப்படகைக் காப்பாற்றாது. அதன்மேல் செலவிடும் பணம் வீண். இவ்வாறு சொல்வது உரிமையாளருக்குக் கசப்பாக இருக்கலாம். எனினும் பணம் செலவாகும் முன்பு சொல்லப்படும் கசப்பான சொல்லே பயனுடையது.

பழைய பலகைமேல் பூசலாமா?

செலவு குறைவு என்பதால் பழைய பலகைத் தளத்தின்மேல் நேரடியாகக் கண்ணாடி இழையைப் பூசுவோர் உண்டு. சில ஆண்டுகளில் இத்தகைய பூச்சு பலகை இணைப்புகளின் நேர்கோட்டில் விரிசல் விடுவதைக் காணலாம். இதன் காரணம் எளிது. மரம் ஈரத்திற்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்குகிறது. நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. 150 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பலகை நூற்றுக்கு இரண்டு பங்கு விரிந்தாலும் அது 3 மில்லிமீட்டர் ஆகும். கண்ணாடி இழைத் தகடோ ஈரத்தால் அவ்வாறு அசைவதில்லை. அசையும் பொருளின்மேல் அசையாத பொருளை ஒட்டினால், ஒட்டு விடும். அல்லது தகடு பிளக்கும்.

ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த மென்தகடுகளின் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக அமைவதால் இவ்வசைவு மிகக் குறைவு. எனவே கண்ணாடி இழைக்கு ஏற்ற அடித்தளம் கடற்பயன் ஒட்டுப்பலகையே. இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 710 ஆகும். வீட்டுத் தட்டுமுட்டுகளுக்கான மலிவுப் பலகையை இங்குப் பயன்படுத்தலாகாது. அதன் பசை ஈரத்தில் விட்டுவிடும்.

எடையையும் கணக்கிட வேண்டும். 30 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டர் தடிப்புள்ள தேக்குப் பலகை ஏறத்தாழ 780 கிலோ எடையிருக்கும். அதன்மேலேயே 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும் சேர்த்தால் சுமார் 385 கிலோ கூடுகிறது. இவ்வெடை முழுவதும் படகின் உச்சியில் ஏறுவதால் அதன் சமநிலை குறையும். மாறாகப் பழைய பலகையை அகற்றிவிட்டு, 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை இரண்டடுக்கு இட்டுக் கண்ணாடி இழை பூசினால் மொத்தம் ஏறத்தாழ 640 கிலோதான் ஆகும். தளம் முன்பிருந்ததைவிட இலேசாகிறது. உத்திரங்களையும் முழுமையாகப் பார்த்துச் செப்பனிட வாய்ப்புக் கிடைக்கிறது. சற்றுக் கூடுதல் செலவானாலும் இதுவே சிறந்த முறை.

பணிமுறை

ஒட்டுப்பலகையின் இணைப்புகள் உத்திரங்களின்மேல் அமைய வேண்டும். மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேராக வரலாகாது. அடுக்குகளுக்கிடையே நீர் தாங்கும் பசையிட்டுத் துருப்பிடிக்காத ஆணிகளால் இறுக்க வேண்டும். தளத்தின் நடுப்பகுதி உயர்ந்தும் இருபுறமும் தாழ்ந்தும் இருக்கும் பழைய வளைவைக் கெடாமல் காப்பது முக்கியம். நீர் தேங்காத தளமே நெடுநாள் வாழும்.

கண்ணாடி இழை கூரிய விளிம்பில் மடங்காது. நிமிர்ந்து எழுந்து உள்ளே காற்றை அடைத்துக்கொள்ளும். எனவே வெளி விளிம்புகளை இழைப்புளியால் வட்டமாக்க வேண்டும். தளமும் பக்கச்சுவரும் சேரும் உள்மூலைகளில் பிசினும் மாவுப்பொருளும் கலந்த பட்டியை இட்டு வளைவாக்க வேண்டும். இணைப்புகளையும் ஆணித் தலைகளையும் பட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை முற்றிலும் அகற்ற வேண்டும். எண்ணெய், மீன் கொழுப்பு, பழைய வண்ணம் எதுவும் எஞ்சியிருக்கலாகாது.

முதலில் மரம் உறிஞ்சும் அளவிற்கு ஒரு பூச்சுப் பிசின் இடவேண்டும். அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே பாயை விரிக்க வேண்டும். ஒரு பாயின் ஓரம் அடுத்ததன்மேல் 50 மில்லிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். தளத்தின் சந்திகளில் பாயைப் பக்கச்சுவரின்மீதும் மீன் அறை வாயின்மீதும் 75 முதல் 100 மில்லிமீட்டர் உயரம்வரை ஏற்றி முடிப்பது அவசியம். பெரும்பாலான கசிவுகள் தளத்தின் நடுவில் அல்ல, இந்தச் சந்திகளில்தான் தோன்றுகின்றன.

பிசினைத் தூரிகையால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி நனைத்து, வரியுள்ள இரும்பு உருளையால் அழுத்தி உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். நன்கு நனைந்த பாய் கண்ணாடிபோல ஊடு தெரியும். வெண்மையாகத் தெரியும் இடம் நனையாத இடமாகும். ஈரம் புகுந்த இடமாகவும் இருக்கலாம். பிசினை மிகுதியாகக் கொட்டுவதால் வலிமை கூடுவதில்லை. இழை குறைந்து பிசின் மிகுந்த தகடு எளிதில் உடையும். பாயைப் பொறுத்தவரை இழையின் எடையைப்போல் இரண்டரை மடங்கு பிசின் போதும். நெய்த இழைக்கு ஏறத்தாழச் சம எடை போதும்.

மேற்சொன்ன 30 சதுர மீட்டர் தளத்திற்குச் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் இரண்டடுக்கு இடுவதாகக் கொண்டால் 27 கிலோ பாய் தேவை. ஓரம் ஏறுவதற்கும் கழிவிற்கும் சேர்த்து 30 கிலோ எனக் கொள்ளலாம். இதற்குப் பிசின் 75 கிலோ. முதற்பூச்சிற்கும் மேற்பூச்சிற்கும் சதுர மீட்டருக்கு அரை கிலோ வீதம் மேலும் 30 கிலோ. ஆக 105 கிலோ. இரண்டடுக்கும் சேர்ந்து 2 மில்லிமீட்டர் அளவு தடிப்புத் தரும். விஞ்ச் நிற்கும் இடத்திலும், கனமான பலகைகளும் சங்கிலிகளும் இழுபடும் பின்பகுதியிலும் நெய்த இழை ஓரடுக்குக் கூடுதலாக இடுவது நல்லது. செலவு மதிப்பீட்டைச் சரிபார்க்கும் அலுவலர் இக்கணக்கைப் பரப்பளவிற்கேற்ப மாற்றிக்கொண்டால், வாங்கியதாகக் காட்டப்படும் பொருள் மிகையா குறைவா என்பதை எளிதில் அறியலாம்.

காற்றுபடும் பாலியெஸ்டரின் மேற்பரப்பு முழுமையாக இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும். எனவே கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த பிசினைப் பயன்படுத்த வேண்டும். அது மேலே மிதந்து காற்றைத் தடுக்கும். இப்பூச்சில் நிறப்பொருளையும் சேர்க்கலாம். கருநிறம் வெயிலில் கொதிக்கும், வெளிர்நிறமே தகும். ஈரமான கண்ணாடி இழைத் தளம் வழுக்கக் கூடியது. ஆகவே பூச்சு இறுகும் முன் கழுவி உலர்த்திய மணலைத் தூவிச் சொரசொரப்பாக்க வேண்டும். வலை இழுப்போரின் காலடிக்கு இது பாதுகாப்பு.

இறுதியாக, கழற்றிய பொறிகளை மீண்டும் பொருத்தும்போது செய்யும் தவறு அதுவரை செய்த வேலையனைத்தையும் கெடுக்கக் கூடும். தளத்தில் இடப்படும் ஒவ்வொரு துளையும் மழைநீருக்கு ஒரு புதிய வாயில். துளையைத் தேவைக்கு மேல் பெரிதாக இட்டு, எபாக்சிக் கலவையால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே சரியான அளவில் மீண்டும் துளையிட்டால் ஆணி மரத்தைத் தொடாது. கசிந்து இறங்கும் நீரும் மரத்தை எட்டாது. விஞ்ச்சின் கீழே தடித்த தாங்குகட்டையும் அகன்ற தகடுகளும் வைப்பது அவசியம்.

எந்தப் பருவத்தில் செய்வது?

படகுகளைப் பழுதுபார்க்க இயல்பாகக் கிடைக்கும் காலம் மீன்பிடித் தடைக்காலமே. மத்திய அரசின் அறிவிப்புப்படி இத்தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் 61 நாட்கள் நடைமுறையில் உள்ளது. சில மாநிலங்கள் தம் கரையோரக் கடலுக்குத் தனியே நாட்களை வகுத்துள்ளன. தடையின் நோக்கம் மீன்வளப் பாதுகாப்பு. ஆனால் கண்ணாடி இழை வேலையைப் பொறுத்தவரை இரு கரைகளின் நிலையும் ஒன்றன்று.

கிழக்குக் கரையில் அது கடுங்கோடைக் காலம். மரம் நன்கு உலரும். ஆனால் நண்பகல் வெப்பத்தில் பிசின் பாத்திரத்திலேயே இறுகிவிடும். எனவே வினையூக்கியைக் குறைந்த அளவில், நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டிச் சேர்த்து, ஒரு தடவைக்கு இரண்டு கிலோவுக்கு மிகாமல் கலந்து, காலையிலும் பிற்பகலிலும் பந்தலின் நிழலில் வேலை செய்வது நன்று.

மேற்குக் கரையிலோ அது தென்மேற்குப் பருவமழைக் காலம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 90 அளவில் நிற்கும்போது, மழையே படாத மரத்திலும் ஈரம் ஏறத்தாழ 20 பங்கில் நிலைகொள்ளும். கண்ணாடி இழை பூசுவதற்கோ மரத்தின் ஈரம் 15 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது, படகு ஓய்ந்திருக்கும் இரு மாதங்களும் இவ்வேலைக்கு மிகவும் ஒவ்வாத மாதங்கள். ஆயினும் தொழில் நாட்களை இழக்க விரும்பாத உரிமையாளர், மழை விட்ட ஒரு நாளில் ஈர மரத்தின்மேல் பூசச் செய்துவிடுகிறார். அத்தளம் ஆகஸ்டு மாதத்தில் பளபளவென்று தோன்றும். உள்ளே அடைபட்ட ஈரம் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. கூரையிட்ட பழுதுபார்க்கும் கூடமும், காற்றைச் சூடாக்கிச் சுழலவிடும் எளிய ஏற்பாடும், மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறு கருவியும் இருந்தால் மழைக்காலத்திலும் வேலை நடைபெறும். தனி உரிமையாளரால் இவற்றை அமைக்க இயலாது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் துறைமுக நிர்வாகங்களும் பொதுவசதியாக அமைத்தால் பலர் பயன்பெறுவர். படகுகளுக்கான மானியத்தோடு இத்தகைய கூடங்களுக்கும் இடமளிப்பது சிந்திக்கத்தக்கது.

தொழிலாளர் பாதுகாப்பு

வினையூக்கியும் கோபால்ட் முடுக்கியும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முடுக்கியை முதலில் பிசினில் முற்றிலும் கலந்த பின்னரே வினையூக்கியைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் அருகருகே சேமித்து வைக்கலாகாது. வினையூக்கி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். உடனே மிகுந்த நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஸ்டைரீன் ஆவி தீப்பற்றக் கூடியது, மூச்சுக்கும் கேடானது. மீன் அறைக்குள் தனியாக ஒருவரை இறக்கி வேலை வாங்குவது ஆபத்து. தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூசி தோலிலும் நுரையீரலிலும் புகாதவாறு கண்ணாடி, முகமூடி, கையுறை ஆகியவை தரப்பட வேண்டும். அத்தூசியைத் துறைமுக நீரில் தள்ளாமல் சேகரித்து அகற்றுவதும் கடமையாகும்.

அலுவலர் பார்க்க வேண்டிய மூன்று வேளைகள்

முடிந்த தளத்தை மட்டும் பார்த்துச் சான்றளிப்பது ஏறக்குறையப் பயனற்றது. நல்ல மரத்தின்மேல் போர்த்திய தளமும் மக்கிய மரத்தின்மேல் போர்த்திய தளமும் புதிதில் ஒன்றுபோலவே மின்னும். ஆகவே மானியமோ கடனோ வழங்கப்படும் இடங்களில் ஆய்வு மூன்று வேளைகளில் நடைபெற வேண்டும். தளம் திறக்கப்பட்டு உத்திரங்கள் வெளிப்பட்டிருக்கும்போது முதலாவது. மரம் செப்பனிடப்பட்டு, பிசின் பூசுவதற்கு முன் ஈரம் அளக்கப்படும்போது இரண்டாவது. பொறிகள் பொருத்தப்பட்டு, தளத்தில் நீர் ஊற்றிக் கீழிருந்து கசிவு பார்க்கப்படும்போது மூன்றாவது. பணத்தையும் இம்மூன்று கட்டங்களுக்கேற்பப் பிரித்து வழங்கினால், நேர்மையாக வேலை செய்யும் தச்சரும் உரிமையாளரும் பாதுகாக்கப்படுவர்.

தளம் முடிந்த பின்னும் கவனிப்பு தேவை. மேலிருந்து நீர் புகாத தளம் கீழிருந்து ஈரம் வெளியேறுவதையும் தடுக்கிறது. எனவே படகின் முன்புறமும் பின்புறமும் காற்றுக் குழாய்கள் அமைத்து, கரையில் நிற்கும் நாட்களில் அறை மூடிகளைத் திறந்துவைத்து, உட்கூட்டில் காற்று ஓடச் செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தளத்தைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி தரும் இடங்களைக் குறித்து, உடனே திறந்து செப்பனிட வேண்டும். சிறு கீறலை அந்த வாரமே அடைத்தால் ஒரு பிடிப் பிசின் போதும். ஒரு பருவம் கழித்து அடைக்கச் சென்றால் ஓர் உத்திரமே போயிருக்கும்.

கண்ணாடி இழை மரத்தைக் குணப்படுத்தும் மருந்து அன்று. நலமாக உள்ள மரத்தைக் காக்கும் போர்வை. நோயுற்ற மரத்தைப் போர்த்தினால் நோயும் அதனோடு சேர்ந்து காக்கப்படும். திறந்து பார்த்தல், வெட்டி நீக்குதல், உலர்த்துதல் ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே பூச வேண்டும் என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்படுமானால், மீனவர் கடன்பட்டுச் செய்யும் செலவு வீணாகாது. அவர் கால்பதித்து நிற்கும் தளமும் நடுக்கடலில் அவரைக் கைவிடாது.